உப்புச் சுரங்கமும் எலுமிச்சம்பழமும்

ஜூலை 5, 2025, சனி

திங்கட்கிழமை திருச்செந்தூரில் குடமுழுக்கு. தெருவில் பாதி வீடு இன்றே பூட்டிக் கிடக்கிறது. கூட்டத்துக்குப் பயந்து நான் போகவில்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. திண்ணையில் உட்கார்ந்து சண்முகர் கதையை எடுத்தார்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த டச்சுக்காரர்கள் செந்தூர்க் கோயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். கிளம்பும்போது சண்முகரையும் நடராஜரையும் கப்பலில் ஏற்றினார்கள். புயல் அடித்ததும் கடலில் இறக்கிவிட்டார்கள். நாயக்கர் ஆட்சியின் அதிகாரி வடமலையப்ப பிள்ளை கனவில் கண்டபடி எலுமிச்சம்பழம் மிதந்து, கருடன் வட்டமிட்ட இடத்தில் ஆளை இறக்கி மீட்டார் என்பது கோயில் வரலாறு.

பழத்தையும் கருடனையும் நம்புவது அவரவர் பாடு. எனக்குப் பிடித்தது பிள்ளைவாளின் இன்னொரு காரியம். அசல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று மாற்றுச் சிலைக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அசல் கிடைத்தபின் அது பாளையங்கோட்டை திரிபுராந்தீஸ்வரர் கோயிலுக்கு வந்துவிட்டது என்பார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

அந்த ஞாபகத்தில் நாஜிகள் அள்ளிய ஓவியங்களைப் பற்றி ராத்திரி வெகுநேரம் படித்தேன். ஆஸ்திரியாவில் ஆல்ட்டவுஸே உப்புச் சுரங்கத்தில் மட்டும் 6,500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மாதா சிலையும் உள்ளே. 1945இல் தோல்வி உறுதியானதும் அந்த வட்டாரத்து நாஜித் தலைவர் ஐக்ரூபர், ‘பளிங்கு’ என்று எழுதிய 8 பெட்டிகளை உள்ளே வைக்கச் செய்தார். ஒவ்வொன்றிலும் 500 கிலோ குண்டு. சுரங்கத் தொழிலாளிகளே அவற்றை வெளியே தூக்கிவந்து போட்டுவிட்டு, யாரும் நுழையாதபடி வாசலை வெடிவைத்து அடைத்தார்கள். அமெரிக்க ராணுவம் அப்புறம்தான் வந்தது. பேர் என்னவோ ராணுவத்துக்குத்தான்.

பாரிஸில் ரோஸ் வலான் என்று ஓர் அம்மாள். நாஜிகள் அள்ளிய படங்களைக் கொண்டுவந்து வைத்த ஜூ த போம் அருங்காட்சியகத்தில் வேலை. ஜெர்மன் தெரியாதவர் மாதிரி இருந்துகொண்டு, எந்தப் படம் யாருடையது, எந்த ஊருக்குப் போகிறது என்று ரகசியமாகக் குறித்துவைத்தார். அவர் கொடுத்த தகவலைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்க ராணுவத்தார், படங்களைப் பதுக்கியிருந்த ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போனார்கள். அந்த அம்மாள் மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேர். வடம் பிடித்ததில் உள்ளங்கை எரிகிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

கூட வேலை பார்க்கும் கல்லிடைக்குறிச்சிக்காரரிடம் ரோஸ் வலான் கதையைச் சொன்னேன். “எங்க ஊர் நடராஜரும் அப்படித்தான வந்தாரு” என்றார். சண்டை சச்சரவு எதுவும் இல்லாத 1982இல் குலசேகரமுடையார் கோயிலில் திருடியது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகம் வரை போய், 2019இல் திரும்பியது. அந்தச் சிலைதான் இது என்று காட்டிக்கொடுத்தது பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எப்போதோ எடுத்துவைத்திருந்த போட்டோ. போலீசும் கோர்ட்டும் எத்தனை பாடுபட்டாலும் அந்த ஒரு படம் இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது?

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு என்ன இருக்கிறது? காலண்டர் படம் இருக்கிறது, அதிலும் முகமும் மாலையும்தான்.

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் பெருமாள் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் அக்தார் மாமாவிடம், சிலைகளை அளந்து படமெடுக்கலாமா என்று கேட்டேன். “சாமிய அளக்கப் போறியா? என்னத்துக்குடே?” என்றார். கல்லிடைக்குறிச்சிக் கதையைச் சொன்னதும் இறங்கிவந்தார். சன்னதிக்குள் நான் நுழையக்கூடாது, பட்டர்தான் அளப்பார். சரி.

பட்டர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உற்சவரை முன்பக்கம், பின்பக்கம், பீடத்தின் அடி என்று என் போனில் அவரே படமெடுத்தார். தாயாரின் இடது தோளுக்குப் பின்னால் பழைய பற்றவைப்பு ஒன்று இருக்கிறது. “எங்க தாத்தா காலத்துலேயே உண்டு” என்றார் பட்டர். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. பட்டுக்குப் பின்னால் யார் பார்த்தார்கள்? அந்தத் தழும்பைக் கிட்டத்தில் வைத்துத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கள்ளச் சந்தையில் பெயரை மாற்றி விற்கலாம், இதை மாற்றுவது கஷ்டம்.

ஒரு பிரதி கோயிலில், ஒன்று என்னிடம், ஒன்று மும்பையில் இருக்கும் மாமா மகனிடம். ஆழ்வார்களும் திருவாசியும் பாக்கி. அடுத்த ஞாயிறு குற்றால சீசனுக்கு மாமா பேரப்பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார். சாவியை மட்டும் பட்டரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.