கிளட்ச் வகை எல்எஸ்டி: பிரித்ததும் அளந்ததும் மறுபடி பூட்டியதும்

வேலைக்கு எடுத்தது ஒரு பின்சக்கர இயக்கக் காரின் கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டி. எல்எஸ்டி என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விட்டாலும், ஒன்று மட்டும் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு. வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் உட்புறச் சக்கரம் வெறுமனே சுழலும். கொஞ்சம் தாமதித்து, ஒரு 'டக்' சத்தத்தோடு பிடிக்கும். பிரிப்பதற்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டு, தூக்கிய சக்கரத்தின் ஹப்பை டார்க் ரெஞ்ச்சால் திருப்பியதில் 14 நியூட்டன் மீட்டர்தான் காட்டியது. தட்டுகள் தேய்ந்துவிட்டன என்பதற்கு இதுவே போதுமான சாட்சி.

இந்த எண்ணுக்குப் பெயர் பிரிலோடு: எஞ்சின் விசை வராதபோதும் உள்ளே ஒரு ஸ்பிரிங் தட்டுகளை நெருக்கி வைப்பதால் வரும் பிடி. எல்எஸ்டி பற்றிய பேச்சில் பாதி இந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது, அது சரியல்ல. இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது உள்ளே இருக்கும் சரிவின் கோணமும் உராயும் முகங்களின் எண்ணிக்கையும். பிரிலோடு அந்த வேலையைத் தொடங்கி மட்டும் வைக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். ஹவுசிங்குக்குள் இரண்டு அழுத்த வளையங்கள். அவற்றின் நடுவே, வளையங்களில் வெட்டிய பள்ளங்களில், குறுக்குத் தண்டு உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. எஞ்சின் விசை வந்ததும் வளையங்கள் தண்டைத் தள்ளுகின்றன. தண்டு சரிவில் ஏறி இரண்டு வளையங்களையும் வெளிப்பக்கமாகப் பிரிக்கிறது. வளையங்கள் கிளட்ச் தட்டுகளை நெருக்குகின்றன. தட்டுகளில் ஒரு பாதி ஹவுசிங்கின் காடியிலும், மறுபாதி ஆக்சில் கியரின் பல்லிலும் கோத்தவை என்பதால், நெருக்கம் கூடக் கூட இரு சக்கரங்களும் ஹவுசிங்கோடு சேர்ந்து சுற்றப் பார்க்கின்றன. எவ்வளவு விசை வருகிறதோ அவ்வளவு பூட்டு. இந்த வகையின் அழகே அதுதான்.

கணக்கும் எளிது. ஒரு பக்கத்தில் உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வு எண், தட்டின் சராசரி ஆரம் மூன்றையும் பெருக்க வேண்டும். குறுக்குத் தண்டு சரிவைத் தொடும் இடத்தின் ஆரத்தை, சரிவுக் கோணத்தின் டான்ஜென்ட்டால் பெருக்கி, அதால் வகுக்க வேண்டும். வருவது பூட்டு விகிதம்: இரு சக்கரங்களின் விசை வித்தியாசம், மொத்த விசையில் எத்தனை பங்கு என்பது. இந்த யூனிட்டில் ஒரு பக்கத்துக்கு 4 முகங்கள், ஆயிலோடு உராய்வு எண் சுமார் 0.1, தட்டின் சராசரி ஆரம் 45 மில்லிமீட்டர், தண்டு தொடும் ஆரம் 40 மில்லிமீட்டர். முடுக்கும் பக்கச் சரிவு 45 டிகிரி. ஆக 45 சதவீதம். ஆக்சிலரேட்டரை விடும்போது வேலை செய்யும் பக்கம் 60 டிகிரி. அங்கே 26 சதவீதம். கியர் பற்களின் தள்ளுதல் இதோடு கொஞ்சம் சேரும். இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

45 சதவீதம் என்றால், பிடிமானம் உள்ள சக்கரம் மற்றதைவிட 2.6 மடங்கு விசை வாங்கும். 26 சதவீதம் என்றால் 1.7 மடங்கு. கோணம் 90 டிகிரி ஆனால் அது செங்குத்துச் சுவர், வெளித்தள்ளல் கிடையாது. ஒன்-வே, ஒன்றரை-வே, டூ-வே என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது கோணத்தைப் பற்றியதுதான். விடும் பக்கம் 90 என்றால் ஒன்-வே. இரண்டு பக்கமும் சமம் என்றால் டூ-வே. நடுவில் இருப்பது, இதைப் போல, ஒன்றரை-வே.

பிரிலோடு எங்கே வருகிறது? உட்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டால் அதன் விசை பூஜ்ஜியம். அப்போது வெளிச்சக்கரத்துக்குப் போவது பிரிலோடின் இரண்டு மடங்கை 0.55-ஆல் (1-லிருந்து அந்த 0.45 போக மீதி) வகுத்தது. 14 நியூட்டன் மீட்டரில் அது வெறும் 51. அதுவே உட்சக்கரம் 300 தாங்குகிறது என்றால், வெளிச்சக்கரத்துக்கு சரிவு மட்டுமே 790 வரை கொடுக்கும். பிரிலோடு தருவது அதே 51. சக்கரம் தரையில் இருக்கும் வரை சரிவுதான் ராஜா.

முதல் கட்டம்: பிரித்தல்

ஆயிலை வடித்து, டிரெயின் பிளக்கின் காந்தத்தைப் பார்த்தாகிவிட்டது. சாம்பல் நிறக் களிம்பு மட்டும் இருந்தது. அது தட்டுகளின் தேய்மானம். துண்டு துண்டாக இரும்புச் சில்லு இருந்திருந்தால் கியர் பற்களைத் தேடியிருக்க வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையிலான ஆட்டத்தை, டயல் கேஜில் எடுத்து எழுதி வைப்பது முக்கியம். இங்கே 0.14 மில்லிமீட்டர். பேரிங் கேப் இரண்டிலும் சென்டர் பஞ்சால் குறி, இடது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) ஒரு பையில், வலது ஷிம் வேறொரு பையில். கேப்கள் அதே உடலோடு சேர்த்துக் கடைந்தவை. மாற்றிப் போட்டால் பேரிங் நெரியும். கிரவுன் வீல் போல்ட் சில தயாரிப்புகளில் இடப்புரி. திரும்ப மறுத்தால் நீளமான பைப் போட்டு மிதிக்காமல், முதலில் தலையில் உள்ள குறியைப் பார்க்க வேண்டும்.

எல்எஸ்டி ஹவுசிங்கின் இரு பாதிகளுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு, மூடி போல்ட்களை எதிரெதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்தியது. உள்ளே கிண்ண ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. ஒரே பக்கமாகத் தளர்த்தினால் கடைசி போல்ட்டின் மரை போய்விடும்.

தட்டுகள் வெளியே வந்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி, போட்டோ எடுத்த பிறகுதான் கழுவல். வளையத்திலிருந்து வெளிநோக்கி: உராய்வுத் தட்டு, இரும்புத் தட்டு, உராய்வுத் தட்டு, இரும்புத் தட்டு, கிண்ண ஸ்பிரிங், மூடி. வளையத்தின் முகமும் உராய்வதால் நான்கு முகங்கள்.

இரண்டாம் கட்டம்: அளவு

புதுத் தட்டு 2.00 மில்லிமீட்டர். ஒவ்வொன்றையும் நான்கு இடங்களில் மைக்ரோமீட்டரில் பார்த்ததில் உராய்வுத் தட்டுகள் 1.93-லிருந்து 1.96 வரை, இரும்புத் தட்டுகள் எல்லாம் 1.99. அடுக்கு உயரம் இடப்பக்கம் 7.88, வலப்பக்கம் 7.85, இருக்க வேண்டியது 8.00. பார்வைக்கு ஒன்றுமே இல்லாத இந்த 0.12, 0.15 மில்லிமீட்டர்தான் ஸ்பிரிங்கைத் தளர விட்டு, அந்த 'டக்' சத்தத்தையும் கொடுத்தது: தண்டு சரிவில் வெற்றாக ஏறி, பிறகு தட்டில் போய் மோதுகிறது.

இரும்புத் தட்டுகளைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து, 0.05 ஃபீலர் கேஜ் எங்கும் நுழையவில்லை என்று பார்த்தாயிற்று. நீலம் பாரித்த தட்டு ஒன்றும் இல்லை. நீலம் இருந்தால் அந்தத் தட்டு சூட்டில் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம். வெளிக்காது பதியும் காடிகளில் சிறு அடிபட்ட தடம் இருந்தது. காது அதில் சிக்கினால் தட்டு வழுக்கி நகராது, பூட்டு படிப்படியாக வராமல் குதித்து வரும். பிசிறை மட்டும் நைஸ் அரத்தால் எடுத்தது, காடியை அகலப்படுத்தவில்லை.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் சரிவு. தண்டு பதியும் முகத்தில் பளபளப்பு இருக்கலாம். நகத்தை ஓட்டினால் தடுக்கும் படி இருக்கக் கூடாது. இருந்தால் தண்டு அந்தப் படியில் நின்று, விசை கூடியதும் தாவும். எந்த ஷிம்மும் அதைச் சரிசெய்யாது, வளையத்தைத்தான் மாற்ற வேண்டும். இதில் பளபளப்பு மட்டுமே.

மூன்றாம் கட்டம்: பூட்டுதல்

புது உராய்வுத் தட்டுகளை எல்எஸ்டி கியர் ஆயிலில் ஓர் இரவு ஊறப் போட்டது. உலர்ந்த தட்டைப் பூட்டினால் முதல் சில சுற்றிலேயே முகம் கீறிவிடும்.

முதல் முயற்சி சொதப்பியது. பழைய இரும்புத் தட்டுகளோடு சேர்ந்து அடுக்கு உயரம் 7.98. 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று இரு பக்கமும் 0.20 மில்லிமீட்டர் ஷிம் வைத்து, மூடி போல்ட்களை எதிரெதிராக மூன்று கட்டமாக இறுக்கி, ஒரு ஆக்சில் கட்டையை வைஸில் பிடித்து மறுபக்கத்தைத் திருப்பினால் 118 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் பிரமாதம். ஆனால் கிண்ண ஸ்பிரிங் கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. தட்டையான ஸ்பிரிங் ஸ்பிரிங்கே அல்ல, வெறும் வாஷர். வளையம் பிரிந்து நகர இடமே இருக்காது. தட்டுகள் எப்போதும் நெரிந்தபடி, ஒவ்வொரு திருப்பத்திலும் தேயும். காரும் வளைவுக்குள் நுழையும்போது நேராகவே போகப் பார்க்கும், ஏனென்றால் பிரிலோடு விசை இல்லாத நேரத்திலும் இரு சக்கரங்களையும் கட்டிப்போடுகிறது.

மறுபடி பிரித்து, இரு பக்கமும் 0.10 ஷிம். இப்போது 62. ஷிம்மை இரு பக்கமும் சமமாக வைத்ததற்குக் காரணம் உண்டு: ஒரு பக்கம் மட்டும் தடித்தால் ஆக்சில் கியர்கள் நடுவிலிருந்து விலகி, குறுக்குத் தண்டில் இருக்கும் சிறு பினியன் கியர்களோடு பல் பொருந்துவது கெடும்.

அளக்கும்போது கிளிக் வகை ரெஞ்ச் வேண்டாம். முள் காட்டும் ரெஞ்ச்தான் வேண்டும். முதலில் மூன்று சுற்று சுற்றிவிட்டு, நகரத் தொடங்கும் குலுக்கலை விட்டு, சீராகச் சுற்றும்போது காட்டும் எண்ணை எழுதவும். குலுக்கலுக்கும் சீரான எண்ணுக்கும் இடைவெளி அதிகம் என்றால் ஓட்டத்தில் தட்டுகள் 'கரகர' என்று சிணுங்கும்.

சரிவுக் கோணங்கள் சமமில்லாத யூனிட்டில் வளையத்தைத் திருப்பிப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. மூடுவதற்கு முன் இப்படிப் பார்க்கலாம்: கார் முன்னே போகும்போது ஹவுசிங் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் கையால் சுற்றவும். தண்டுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் அதை முன்னே தள்ளுகிறது. அந்தச் சுவர் 45 டிகிரியாக இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் சுவர் 60. மாறியிருந்தால் முடுக்கும்போது சோம்பலும், விடும்போது முரட்டுத்தனமும் வரும். கோளாறு வேறு எங்கோ இருப்பதாகத் தேடி நாள் போகும்.

ஷிம்களும் கேப்களும் பழைய இடத்துக்கே போயின. பேக்லாஷ் மறுபடி 0.14. புது ஆயில் சீலின் உதட்டில் ஆயில் தடவி, ஆக்சில் கட்டையின் பற்களுக்கு ஒரு சுற்று டேப் ஒட்டி நுழைத்தது; அந்தப் பல் முனை சீலை வெட்டுவது சகஜம்.

நான்காம் கட்டம்: ஆயிலும் பழக்கமும்

ஊற்றியது 75டபிள்யூ-140 தடிமன், ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். உராய்வு குறைக்கும் சேர்மத்தை முழுப் புட்டியாகக் கவிழ்க்கவில்லை. அது தட்டின் நிற்கும் உராய்வைக் குறைத்து சிணுங்கலை நிறுத்துகிறது, உண்மை. ஆனால் ஓடும் உராய்வும் கொஞ்சம் இறங்கும். உராய்வு எண் 0.10-லிருந்து 0.08 ஆனால் 45 சதவீதம் 36 ஆகிவிடுகிறது. 2.6 மடங்கு 2.1 ஆகிவிடுகிறது. வாங்கிய பூட்டை நாமே கரைப்பது போல. முதலில் 30 மில்லி. சிணுங்கினால் இன்னொரு 30. இங்கே 60-ல் நின்றது.

பழக்குவதற்கு காலி மைதானத்தில் முதல் கியரில் மெதுவாக 8 போட வேண்டும். 10 முறை, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தும் விட்டும். இருபது நிமிடம் ஆற விட்டு மறுபடி 10. வேகமாகப் போட்டு ஒரே மூச்சில் முடித்தால் புது முகங்கள் கருகிப் பளிங்காகிவிடும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றியபோது அது வெள்ளிப் பொடி கலந்த சாம்பல் நிறத்தில் வந்தது; புதுத் தட்டு படிகிறது, பயம் வேண்டாம். அப்போது மறுபடி அளந்ததில் 51 நியூட்டன் மீட்டர். தூக்கிய சக்கரக் கணக்கில் மறுபக்கத்துக்கு 185 போகும். ஆரம்பத்தில், பிரிலோடு 14 ஆக இருந்தபோது, இதே கணக்கில் போனது 51-தான். 'டக்' சத்தம் இல்லை. இறுக்கமான திருப்பத்தில் டயர் குதிப்பதும் இல்லை.

தட்டுகளுக்குப் பதில் சாய்பல் கியர்களின் உராய்வால் பூட்டும் ஹெலிகல் கியர் வகையைப் போட்டிருக்கலாமே என்றால், அதில் தேயும் தட்டு இல்லை, சிணுங்கல் இல்லை. தெருவுக்கு அதுவே சுகம். ஆனால் பிரிலோடு இல்லாத ஹெலிகல் வகை பெருக்கிதான்: சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பூஜ்ஜியத்தைப் பெருக்கி பூஜ்ஜியமே தரும். அப்போது பிரேக்கை லேசாகத் தொட்டு, பெருக்க ஏதாவது கொடுக்க வேண்டும். சிலிகான் திரவத்தை நம்பும் விஸ்கஸ் வகை, சக்கரம் சுழன்ற பிறகுதான் விழிக்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் 1.6 எஞ்சினோடு விஸ்கஸ் வந்தது, 1994 மாடலில் 1.8 எஞ்சின் வந்தபோது டார்சன் என்ற கியர் வகைக்கு மாறியது.

இரண்டு எச்சரிக்கைகள். பின்டயர்கள் இரண்டும் ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். ஒன்றில் பட்டன் ஆழம் 2 மில்லிமீட்டர் குறைந்தால் விட்டம் 4 மில்லிமீட்டர் குறையும். 630 மில்லிமீட்டர் டயரில் அது 0.6 சதவீதம். நேர் சாலையிலும் தட்டுகள் ஓயாமல் வழுக்கித் தேயும்.

மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. சாதாரண டிஃபரன்ஷியல் பழக்கத்தில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுவிடக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுக்கும், கார் ஜாக்கிலிருந்து பாயும். இரண்டு பின்சக்கரங்களும் ஸ்டாண்டில் இருந்தால் மட்டுமே எஞ்சினோடு சோதனை.