எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன

"இப்ப லைன் கிடைக்குதா தம்பி?"

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குத்திக்காட்டினாரா, அக்கறையாகக் கேட்டாரா என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

2002-இல் ஒரு தனியார் செல்போன் கம்பெனியில் இன்டர்கனெக்ட் வேலை எனக்கு. எங்கள் வாடிக்கையாளர் லேண்ட்லைனுக்குப் பேச வேண்டுமென்றால் அழைப்பு அரசாங்க எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். நுழைகிற இடத்தில் இ1 லிங்க் என்று ஒரு இணைப்பு இருக்கும். ஒரு இ1-இல் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். முப்பத்தோராவது ஆளுக்கு, "இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று ஒரு அம்மா சொல்வார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் ஊரில் அந்த அம்மா பேசிய அளவுக்கு வேறு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். திட்டு எங்களுக்குத்தான் விழும். இன்கமிங்குக்கும் காசு வாங்கிக்கொண்டிருந்த காலம் வேறு.

கூடுதல் லிங்க் கேட்டு எழுதியிருந்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன போர்ட் கட்டணத்தை, அதாவது லிங்க் வந்து சேரும் முனைக்கான கட்டணத்தை, கட்டத் தயாராகவும் இருந்தோம். ஆனால் பணம் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டே வரவில்லை. கேட்டால் "சாத்தியக்கூறு ஆராயப்படுகிறது" என்று பதில். இரண்டு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே வரிதான், தேதி மட்டும் மாறியிருக்கும். டிராயிடம் போகலாமே என்றால், 2000-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து தகராறு தீர்ப்பது டிடிசாட் என்ற தீர்ப்பாயத்தின் பாடு. ஆறு லிங்குக்காக டெல்லியில் வக்கீல் வைக்க எங்கள் மேலிடத்துக்கு மனசில்லை. சந்தையைத் திறந்துவிட்டாயிற்று என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டிக்கு வந்திருப்பவனுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலையை அவனுடைய போட்டியாளரிடமே கொடுத்திருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

வாரம் ஒருமுறை அந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போவேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனால் கால் சில்லென்று இருக்கும். அங்கேதான் அவர். ஐம்பது வயது தாண்டியவர், கடைநிலையில் சேர்ந்து பரீட்சை எழுதி மேலே வந்தவர். எங்களை அவருக்குப் பிடிக்காது, ஆனால் என்னைப் பிடிக்கும். "கிராமம் கிராமமாக் கம்பம் நட்டு லைன் இழுத்தது நாங்க. நீங்க டவுன்ல டவரைப் போட்டுட்டுப் பெரிய பில்லுக்காரனை மட்டும் கூட்டிட்டுப் போறீங்க" என்பார். அதில் தப்பில்லை. நஷ்டத்தில் ஓடும் கிராம லைனுக்கு ஈடாக மற்ற கம்பெனிகள் பணம் தர வேண்டும் என்று டிராயே அடுத்த வருடம் விதி போட்டது.

அன்றைக்கு எதிர்க்கடையில் டீ குடித்தோம். அவர் சர்க்கரை இல்லாமல். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க லிங்குக்கு வேண்டிய கார்டு வந்து நாலு மாசமாச்சு தம்பி. பிரிக்கவே இல்லை. பிரிச்சாக் கணக்குல ஏறிடும்ல?"

பிறகு ஏதோ சொன்னார். என் சிக்கல் அந்த இடத்தில்தான். "என் பேரை இழுத்துடாதீங்க" என்றாரா, இல்லை, அதை நான் பின்னாளில் சேர்த்துக்கொண்டேனா? சொல்லவில்லை என்றால் நான் செய்ததில் பாதி குற்றம் குறைகிறது. அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும், நான் பேரை எழுதவில்லையே.

எழுதியது இது: "தேவையான கார்டுகள் வந்து நான்கு மாதமாகியும் உறை பிரிக்கப்படாமல் உள்ளதை அந்த எக்ஸ்சேஞ்ச் அலுவலர்களே ஒப்புக்கொள்கின்றனர்." மேனேஜருக்கு எழுதிய உள்குறிப்புதான் அது. அவர் வரியை மாற்றாமல் புகாரில் ஒட்டி அனுப்பிவிட்டார். ஸ்டோர் ரூம் சாவி அங்கே மூன்று பேரிடம்தான் உண்டு. அந்த மூவரில் எங்களோடு டீ குடிப்பவர் ஒருவர்தான்.

மூன்று வாரத்தில் டிமாண்ட் நோட் வந்தது. லிங்கும் வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு டிரான்ஸ்ஃபர், கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்கு. மே மாதம் டிரான்ஸ்ஃபர் சீசன்தான், அங்கே நெடுநாள் இருந்தவர்களை எப்படியும் மாற்றுவார்கள். இதைப் பல பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எல்லாரும் தலையாட்டினார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு லைன் கிடைத்ததே, அதில் ஆஸ்பத்திரிக்குப் பேசியவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? இதையும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அந்த வரியை டைப் அடித்தபோது எந்த ஆஸ்பத்திரியும் என் நினைவில் இல்லை. மேனேஜர் பாராட்டுவார் என்பது மட்டும் இருந்தது.

புது ஊரின் எக்ஸ்சேஞ்ச் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். அழைத்தது என் செல்போனிலிருந்து, போனதோ அவர் கொடுக்காமல் வைத்திருந்த அதே லிங்க் வழியாக. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை, அவருக்கு உறைத்திருக்கும். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றேன். அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கேள்வி. "கிடைக்குது சார்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். முப்பது வருடம் லைன் பார்த்த மனுஷனுக்கு, தன் சொந்தக் கதையை விட லைன் கிடைக்கிறதா என்பதே முக்கியமாக இருந்திருக்கலாம். இருக்கலாம்தானே?

அப்புறம் 2016 வந்தது. அதற்குள் நான் வேறு கம்பெனி, பெரிய நாற்காலி. புதிதாக ஒரு கம்பெனி இலவச அழைப்போடு இறங்கியது. வெள்ளம் மாதிரி எங்கள் பக்கம் அழைப்பு கொட்டியது. அவர்கள் அழைப்பை ஏற்பதற்கு நிமிடத்துக்கு 14 பைசா எங்களுக்கு வந்தது, அது கட்டுப்படியாகாது என்பது எங்கள் வாதம். லிங்க் கேட்டு அவர்கள் எழுதினார்கள். ஒப்பந்தத்தில் 90 நாள் அவகாசம் இருக்கிறதே என்று நாங்கள் எழுதினோம். டிராய் கணக்குப்படி நூற்றுக்கு அரை அழைப்புக்கு மேல் அடைபடக் கூடாது. அதை எண்ணிப் பார்த்துவிட்டு மூன்று கம்பெனிகளுக்கு மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் போடச் சொல்லி அக்டோபரில் பரிந்துரைத்தது. எங்கள் கம்பெனி அதில் உண்டா இல்லையா என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

அந்த மாதங்களில் அவர்கள் ஆள் ஒரு பையன் என்னைப் பார்க்க வருவான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒருநாள் மீட்டிங் முடிந்து லிஃப்ட் வரை கூடவே வந்தான். "சார், போர்ட் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார்" என்றான்.

இருந்தது. எண்ணிக்கையே எனக்குத் தெரியும்.

"பார்த்துட்டு இருக்கோம்" என்றேன். லிஃப்ட் வர நேரமானது. கீழே டீக்கடை இருந்தது, நான் அவனைக் கூப்பிடவில்லை.