வீவக வீட்டில் ஒரு வைஃபை ஆய்வுக்கூடம்

வயர்லெஸ் ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் மாணவர்கள் வலையமைப்பைக் கணினிக்குள்ளேயே போலியாக ஓட்டும் சிமுலேட்டரைத்தான் முதலில் திறக்கிறார்கள். அதில் சுவரும் அண்டை வீட்டு ரவுட்டரும் நாம் போட்டால்தான் உண்டு. வீட்டில் அளந்து பழகிவிட்டு அதற்குப் போவதே நல்லது. சிக்னல் குறைந்து மெதுவான ஒரு கருவி, அருகிலுள்ள வேகமான கருவியையும் எப்படி இழுத்துவிடுகிறது என்பதை இங்கே அளக்கலாம்.

சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் சிறு அறை, இருக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. சிக்னலை வேண்டிய அளவு குறைக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஒரு கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, அதில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளின் சர்வரை, மடிக்கணினிக்கு ஒன்றாக, இரண்டு வெவ்வேறு போர்ட்டில் ஓட்டுங்கள். ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும். சர்வரையும் வைஃபையில் வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே காற்றில் இருமுறை போகும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சானல் 36, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிலைநிறுத்துங்கள். 'ஆட்டோ' வேண்டாம், சோதனை நடுவே சானல் மாறிவிடும். மடிக்கணினிகளில் வைஃபையின் மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு மடிக்கணினி ரவுட்டர் அருகே, மற்றொன்று ஷெல்டருக்குள். உள்ளே சிக்னல் வலு மைனஸ் 75 முதல் மைனஸ் 80 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு) வரை கிடைக்கும்படி கதவைச் சரிசெய்யுங்கள். முழுக்கச் சாத்தினால் இணைப்பே அறுந்துபோகலாம். முதலில் தனித்தனியாக, பிறகு ஒரே நேரத்தில், 60 விநாடி வீதம் பத்து முறை தத்தம் சர்வருக்குத் தரவு அனுப்பி, இடைநிலை மதிப்பை எடுங்கள். இரவு எட்டு மணிக்கும் அதிகாலையிலும் செய்தால் மேல்மாடி, கீழ்மாடி வீடுகளின் பங்கு தெரியும்.

தனியாக ஒன்று 200, மற்றொன்று 10 மெகாபிட் தருகிறது என்று வையுங்கள். வைஃபை சமமாகப் பங்கிடுவது வாய்ப்பை, நேரத்தை அல்ல. மெதுவான கருவி ஒரு பாக்கெட் அனுப்பும் நேரத்தில் வேகமானது இருபது அனுப்பிவிடும். ஆளுக்கொரு பாக்கெட் என்று மாறிமாறி அனுப்பினால் இரண்டுக்குமே சுமார் 9.5தான். 2003இலேயே ஆய்வுக் கட்டுரையாக வந்த சிக்கல் இது. இன்றைய வைஃபை பாக்கெட்டுகளைத் தொகுத்து அனுப்புவதால் அடி சற்றுக் குறையும், ஆனால் மறையாது.

வாய்ப்புக்குப் பதிலாகக் காற்று நேரத்தை, அதாவது ஒவ்வொரு கருவியும் சானலைப் பிடித்திருக்கும் நேரத்தை, சமமாகப் பிரித்தால் 100, 5 என்றாகும். ஷெல்டருக்குள் இருப்பவர் 9.5இலிருந்து 5க்கு இறங்குகிறார். அவர் வீடியோ அழைப்பில் இருந்தால்? வேகத்தோடு பிங் தாமதத்தையும் (ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) குறித்து வையுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கேதான் கிடைக்கும்.