எழுதிய பேனாவும் மீன் வாசனையும்

ஜூன் 2, 2025

வாக்கியம் பிரிக்கும் பயிற்சியில் இன்று மலகாசி, மடகாஸ்கரின் மொழி. மூன்று வரி எழுத வேண்டும்: மேலே அந்த மொழி, நடுவில் சொல்லுக்குச் சொல் பொருள், கீழே நம் தமிழ்.

நஹிதா – நி – வெஹிவாவி – நி – ம்பியனாட்ர
பார்த்தார் – அந்த – பெண் – அந்த – மாணவர்

'அந்தப் பெண் மாணவரைப் பார்த்தார்' என்று எழுதி வைத்தேன். தப்பு. பார்த்தது மாணவர். வினை முதலில், செயப்படுபொருள் அடுத்து, எழுவாய் கடைசியில். நம் 'ஐ' மாதிரி உருபு கிடையாது, இரண்டு பெயருக்கும் அதே 'நி'தான். யார் யாரைப் பார்த்தார் என்பதை இடம்தான் சொல்கிறது.

ஜூன் 5

'பெண்ணைப் பார்த்த மாணவர்' மலகாசியில் சுலபமாக வந்துவிடுகிறது. 'மாணவர் பார்த்த பெண்' வரவில்லை! முதலில் வாக்கியத்தையே செயப்பாட்டுவினைபோல மாற்றி, பெண்ணை எழுவாயாக்கிக்கொள்ள வேண்டும். எழுவாயை மட்டுமே அந்த மொழி இப்படி வெளியே எடுக்க விடுகிறது.

கீனன், காம்ரி என்ற மொழியியலாளர்கள் இருவரும் சுமார் 50 மொழிகளைப் பார்த்து 1977இல் இதை ஒரு படி வரிசையாக வைத்தார்கள். மேல்படியில் எழுவாய், அடுத்து செயப்படுபொருள், அப்புறம் மற்ற வேற்றுமைகள். மலகாசி மேல்படியிலேயே நின்றுவிடுகிறது.

ஜூன் 6

அப்படியானால் தமிழ் எந்தப் படிவரை இறங்கும்? நேற்று ராத்திரி முழுக்க இதே யோசனை.

நான் எழுதிய கடிதம். நான் எழுதிய பேனா. நான் எழுதிய அறை. நான் எழுதிய நாள்.

'எழுதிய' என்ற சொல் கொஞ்சம்கூட மாறவில்லை. பேனாவால் எழுதினேன், அறையில் எழுதினேன். அந்த 'ஆல்', 'இல்' எல்லாம் எங்கே போயின? கேட்பவர் தானே புரிந்துகொள்கிறார். பள்ளியில் பெயரெச்சம் என்று மனப்பாடம் செய்த விஷயம்தான் இது. நன்னூலை எடுத்துப் பார்த்தேன். பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் ஆறு என்று பவணந்தியார் எண்ணியே வைத்திருக்கிறார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். 1977ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அந்தச் சூத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஜூன் 9

ஜப்பானிய மொழி. சகானா ஒ யாகு நியோய். சகானா மீன், 'ஒ' நம் 'ஐ', யாகு சுடுகிற, நியோய் வாசனை. மீனைச் சுடுகிற வாசனை. நடு வரியே தமிழாக இருக்கிறது, மூன்றாவது வரிக்கு வேலையே இல்லை.

ஆனால் வாசனை மீனைச் சுடவில்லை. அது கருவியும் இல்லை, இடமும் இல்லை, நாளும் இல்லை. ஆறில் எதிலும் உட்கார மாட்டேன் என்கிறது. கீனன், காம்ரி படிகளிலும் அதற்கு இடம் தெரியவில்லை. சுடுவதால் எழுவது அது, விளைவு. தமிழில் இப்படி எத்தனை! மீன் வறுக்கிற வாசனை, கதவு தட்டுகிற சத்தம், வீடு விற்ற பணம். இவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜூன் 10

காலையில் கடைக்குப் போய் வந்ததும் அம்மா கேட்டார்: "பால் வாங்கின மீதி எங்கடா?"

முதலில் அதை எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் சில்லறையைக் கொடுத்தேன்.