பசைக்குக் கீழே இருந்த மண்

தேவிபட்டினத்துக்கு மேற்கே, முன்பு புழுதி விதைப்பாக நெல் போட்டுவந்த நிலத்தில் அமைந்த ஒரு டர்ஃப் மைதானத்தில், அதாவது செயற்கைப் புல் விரித்த ஆடுகளத்தில், ஒரே இணைப்பை நான் மூன்று முறை ஒட்டியிருக்கிறேன். மூன்று முறையும் அது விட்டுப்போனது. இந்தத் தொழிலில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஓர் இணைப்பிலிருந்து வந்தது என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

செயற்கைப் புல் ஏறத்தாழ 4 மீட்டர் அகலச் சுருள்களாக வரும். இரண்டு சுருள்களின் விளிம்புகள் சந்திக்கும் இடத்தில், அடியில் ஓரடி அகல நாடாவை விரித்து, அதன்மேல் பசை தடவி, இரு விளிம்புகளையும் அழுத்தி ஒட்டுகிறோம். மைதானம் முழுவதற்கும் இதுதான் தையல். இதில் ஒரு முனை விரலளவு எழும்பினாலும், இரவு விளக்கொளியில் ஓடிவரும் பையனின் ஷூ நுனி அதில் மாட்டிக்கொள்ளும். கணுக்கால் பிசகிய பையன்களைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், விட்டுப்போன இணைப்பைச் சிறிய வேலையென்று எவரேனும் சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

முதல் முறை ஒட்டியது ஒரு மார்கழிக் காலை. புல்லின் மேலிருந்த பனி காய்ந்துவிட்டது என்று கையால் தடவிப் பார்த்தே முடிவு செய்தேன். அடியில் இருந்த ஈரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. பாலியூரித்தேன் பசைக்குள் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயுவை வெளிவிடும். பசை இறுகுவதற்குப் பதிலாக நுரைத்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக, பணியாரம் போல உப்பி நின்றுவிடும். பார்வைக்கு நன்றாக ஒட்டியதாகவே தெரிந்த அந்த இணைப்பு, இழுத்தபோது நாடாவோடு சேர்ந்து உரிந்து வந்தது.

அந்தப் பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டதால், இரண்டாம் முறை சித்திரை மாத நண்பகலைத் தேர்ந்தெடுத்தேன். ஈரம் துளியும் இல்லை. ஆனால் அந்த வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். சூட்டில் விரிந்து கிடந்த சுருள்களை விளிம்போடு விளிம்பு பொருத்தினால், பசை முழுதாக இறுகும் முன்பே இரவுக் குளிர்ச்சியில் அவை சுருங்கிப் பின்வாங்கும். மறுநாள் விடியற்காலையில் இணைப்பு நெடுகிலும் ஒரு நெல்மணி அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. அன்றிலிருந்து, பனி முற்றிலும் காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறும் முன் முடிப்பதே என் வழக்கம். மதியத்துக்குப் பின் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதால், சாயங்காலத்தையும் நான் நம்புவதில்லை.

மூன்றாம் முறை, வைகாசியில், எதிலும் குறை வைக்கவில்லை. இரு பாகங்களாக வரும் பசையைத் தராசில் எடைபோட்டுக் கலந்து, இணைப்பின்மேல் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, 24 மணி நேரம் யாரையும் மிதிக்க விடவில்லை. ஆடிக் காற்றைத் தாங்கிய அந்த இணைப்பு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்ததும் மேடு தட்டிப் பிரிந்தது.

அப்போது உடன் வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர், விட்டுப்போன இடத்தைப் பார்க்காமல், வேலியோரமாக நடந்துபோய்க் காலால் மண்ணைக் கிளறினார். "தம்பி, இது ஊதிச் சுண்டுற மண்ணு. மேல எத்தன தடவ ஒட்டினாலும் இது இழுத்துரும். வேலிப் பக்கம் தோண்டிப் பாருங்க" என்றார். தோண்டினோம். மெல்லிய ஜல்லிப் படுகைக்கு அடியில் சுத்தக் கரிசல் களிமண். வேலிக்கு வெளியே சீமைக் கருவேல மரங்கள் வரிசையாக நின்றன. கோடை முழுவதும் அவற்றின் வேர்கள் அந்தப் பக்கத்து மண்ணை உறிஞ்சி வெடிக்க வைத்திருந்தன. மழை வந்ததும், தூர்ந்துபோன வடிகாலில் தேங்கிய தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியே இறங்க, மண் வேலியோரத்தில் மட்டும் உப்பியது. மைதானத்தின் நடுப்பகுதியோ அசையவே இல்லை. அசைந்த மண்ணுக்கும் அசையாத மண்ணுக்கும் நடுவே, வேலியிலிருந்து சரியாக ஒரு சுருள் அகலம் தள்ளி, என் இணைப்பு ஓடியது. மூன்று முறையும் பசையைக் குற்றம் சொன்ன எனக்கு, அந்தக் குழிக்குள் நின்றபோது மிகுந்த வருத்தமாக இருந்தது.

மாசி வரை காத்திருந்தோம். ஆட்டம் நின்றால் வருமானம் நிற்கும் என்று உரிமையாளர் தயங்கியது நியாயமே. இருந்தாலும் குழியை நேரில் பார்த்தபின் சம்மதித்தார். புல் இழைகளுக்கு நடுவே நிரப்பியிருந்த சிலிக்கா மணலையும் ரப்பர் தூளையும் பெருக்கிச் சாக்கில் அள்ளிவிட்டு, வேலியோரச் சுருளை முழுவதுமாகச் சுருட்டி எடுத்தோம். 15 அடி அகலத்துக்கு, இரண்டடி ஆழம் களிமண்ணை வெட்டிக் கொட்டிவிட்டு, கிராவலை அடுக்கடுக்காகப் போட்டு உருளை ஓட்டி, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் ஜல்லி பரப்பினோம். மரங்கள் வேரோடு போயின. வடிகால் சரிவு திருத்தப்பட்டு, தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது. பிறகு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு புறமும் ஒட்டி ஒவ்வோர் இரவும் விட்டு வைத்தோம். முதல் காலை அதன் உட்புறம் வியர்த்திருந்தது. மூன்றாம் காலைதான் உலர்ந்திருந்தது. அதற்குப் பிறகே பசை டப்பாவைத் திறந்தேன்.

பழைய பசை இறுகிய விளிம்பில் புதுப் பசை பிடிக்காது. இரு பக்கமும் மூன்று அங்குலம் வெட்டி நீக்கினால் நடுவே அரையடி வெற்றிடம் விழும். அதை அடைக்க அதே ரகப் புல்லில் ஒரு பட்டை வேண்டும், இழை சாயும் திசையும் ஒத்திருக்க வேண்டும். நல்லவேளையாக, முதலில் விரித்தபோது மிஞ்சிய துண்டு கிடங்கில் இருந்தது. மிச்சத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இப்போது ஒவ்வோர் உரிமையாளரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

மண்டபம், ராமேசுவரம் பக்கம் மணல் பூமி. அங்கே இந்தத் தொல்லை இல்லை. உப்புக் காற்றில் ஆணிகள் துருப்பிடிப்பதும், திறந்து கிடக்கும் இணைப்புக்குள் மணல் வந்து அடைவதுமே அங்குள்ள கவலைகள்.

கடந்த கார்த்திகையில், மழை விட்ட மறுநாள், அந்த மைதானத்துக்குப் போனேன். வேலியோரத்து இணைப்பை முழு நீளத்துக்கும் உட்கார்ந்தபடியே விரலால் தடவிக்கொண்டு போனேன், எங்கும் பிரியவில்லை. வாசல் பக்க முனையில் மட்டும், நாங்கள் மண் மாற்றாத இடத்தில், நகக்கனம் மேடு தெரிந்தது. சுண்ணக்கட்டியால் அங்கே ஒரு கோடு போட்டு, காவல் பார்க்கும் தம்பியிடம் காட்டிவிட்டு வந்தேன். மண் காய்ந்ததும், மாசியில், அந்த முனையைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.