கரண்ட் இல்லாத நாட்களின் நேரசூசி

மார்ச் 31, 2022, வியாழன்

இன்றிலிருந்து ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லையாம். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு எந்தப் பகுதிக்கு எப்போது போகும், எப்போது வரும் என்று அட்டவணை விடுகிறார்கள், அதுவும் நாளுக்கு நாள் மாறுகிறது. இந்த மாதம் முழுக்க எங்கள் வீடு அந்த அட்டவணைக்குப் பின்னால்தான் ஓடியது. கரண்ட் வந்ததும் மோட்டரைப் போடு, தேங்காய்ச் சம்பலுக்கு அரை, போனைச் சார்ஜில் போடு, பிள்ளையைப் படி படி என்று விரட்டு. போனதும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை.

இரவு மாமியும் இவரும் நானும் விறாந்தையில் இருந்து கதைத்தோம். கரண்ட் வரும் நேரத்தை நம்பி எதையும் வைக்கிறதில்லை, இனி வெளிச்சத்தை நம்பித்தான் எல்லாம். திருகோணமலை உப்புவெளியில் இப்போது ஆறு மணிக்கெல்லாம் கடல் பக்கம் வெளிச்சம் வந்துவிடுகிறது. மகளுக்கு மே 23 ஓஎல் சோதனை, அதுதான் பதினோராம் வகுப்புப் பொதுச் சோதனை, தொடங்குகிறது. மெழுகுதிரிக்குக் கிட்டே கண்ணைக் கசக்கிக்கொண்டு இரவு பத்துமணி வரை இருந்தது போதும், ஆறிலிருந்து எட்டு வரை விறாந்தையில் படிக்கட்டும். இரவு எட்டரைக்கு எல்லோரும் படுக்கிறது. ஃபான் இல்லாமல் நித்திரை வருமோ என்று இவர் கேட்டார். வராவிட்டாலும் பாயில் படுப்பது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 3, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஊரடங்கு, நாளை விடிய ஆறு வரை. இன்று பேஸ்புக், வாட்ஸப்பையும் முடக்கிவிட்டார்கள். மகள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், எனக்கும் கை பரபரக்கிறது. கொழும்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய பாரம்.

மாமி மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் ஐந்தரைக்கு எழும்பி, வாளியில் தண்ணி இறைத்து, முத்தத்தைக் கூட்டி, தண்ணி தெளித்தார். படலை தாண்டி ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒழுங்கைப் பக்கம் வரை கூட்டினார். ஏன் மாமி இன்றைக்காவது ஆறுதலாக இருங்கோவன் என்றேன். அப்போதுதான் 1990ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். திருகோணமலையிலிருந்து வள்ளத்தில் போய் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலம், இவர் அப்போது சின்னப் பிள்ளை. "முகாமில எங்கட அறைக்கு முன்னால ஒரு நாலு முழ இடம் இருந்தது பிள்ளை. அதைக் கூட்டினாத்தான் எனக்கு அந்த நாள் விடியும். இல்லையெண்டா எல்லாம் ஒரே நாளாத்தான் கிடக்கும்." அப்படிச் சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தி, ஈர்க்குகளை உள்ளங்கையில் தட்டிச் சமப்படுத்தி, கட்டை இறுக்கி, மூலையில் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனார். இத்தனை வருடம் அவரோடு இருக்கிறேன், இதை அவர் எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 14, வியாழன்

சுபகிருது வருடம் பிறந்துவிட்டது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்து இரண்டு நாள் ஆகிறது. காஸ் இல்லை, முத்தத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கினோம். கஜு, அதுதான் முந்திரிப்பருப்பு, போட வசதியில்லை, நிலக்கடலை போட்டது. நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 26, செவ்வாய்

இவரின் ஃபைபர் வள்ளம் கரையில்தான். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், வரிசையில் நின்று கிடைக்கிற அளவு ஒரு தடவை போய் வரவும் காணாது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் பாய் விரித்ததுபோல் கிடக்கும் நேரத்தில் கரையில் நிற்பது இவருக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். முதலில் எட்டு, ஒன்பது மணி வரை படுத்தே கிடந்தார். பேசவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார். தொழில் போனால் காசு மட்டும் போவதில்லை, எழும்புவதற்கான காரணமும் போய்விடுகிறது. ஆம்பிளைகள் இதை வாய் விட்டுச் சொல்லமாட்டார்கள்.

இப்போது கரைவலைக்குப் போகிறார். அது துடுப்புப் போட்டு வலையை வளைத்து விடுகிற தொழில், பிறகு கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்க வேண்டும், எண்ணெய்த் தேவை இல்லை. இன்று நானும் போய்ப் பார்த்தேன். இடுப்பில் பட்டியைக் கட்டிக் கயிற்றில் கொளுவி, ஒருவர் பின் ஒருவராகப் பின்பக்கமாகக் கால் வைத்து நடக்கிறார்கள், கடைசி ஆள் கழற்றிக்கொண்டு திரும்பத் தண்ணிக் கரைக்கு ஓடி முன்னுக்குக் கொளுவுகிறார். ஒருவர் அம்பா, வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு, எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். ஒரு ஆளுக்கு மனம் சோர்ந்தாலும் மற்றவர்களின் கால் அவரையும் நடத்திவிடும். இவருக்கு வந்த பங்கு கொஞ்சம் சூடை மீனும் கீரி மீனும், அவ்வளவுதான். ஆனால் விடிய ஐந்து மணிக்கு வெளியே போகிறார், பத்து மணிக்குப் பசியோடு வருகிறார். எனக்கு அது போதும்.

மே 10, செவ்வாய்

நேற்றுப் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டார் என்று செய்தி, வாசலில் சனம் கூடி நிற்கிறதாம். ஹெலி சத்தம் கேட்டாலே எங்களுக்கெல்லாம் வயிறு கலங்கும், அது பழைய காலத்துப் பயம்.

போனை காலை எட்டுக்கு ஒரு தரம், பின்னேரம் விளக்கு வைத்தபிறகு ஒரு தரம் மட்டும் பார்ப்பது என்று வைத்திருந்தோம். இன்று அது சரிவரவில்லை, நாள் முழுக்கப் பார்த்தோம். பார்க்கத்தான் வேண்டும், ஊருக்குள் நடக்கிறதைப் பாராமல் இருக்க முடியாது. நாளைக்குத் திரும்ப எட்டு மணி.

மே 24, செவ்வாய்

நேற்று சோதனை தொடங்கியது. சைக்கிளில் போனாள். இத்தனை கிழமையாக விடியப் படித்துப் பழகியதால் அந்த நேரத்தில் மூளை நன்றாக ஓடுகிறது என்று அவளே சொல்கிறாள். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரிப்படுத்தும் என்று நாங்கள் படித்ததுதான், பிள்ளையில் கண்டபோது சந்தோஷமாக இருந்தது. பெற்றோல் இன்று 420 ரூபா. இவரின் மோட்டார் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டோம்.

ஜூன் 28, செவ்வாய்

ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். பள்ளிக்கூடமும் இல்லை. அடுத்த வீட்டு அக்கா காலையில் வந்து, "தங்கச்சி, என்ர ரெண்டும் பதினொரு மணி வரைக்கும் படுத்துக் கிடக்குதுகள், உன்ர விறாந்தையில இருத்தட்டோ?" என்றார். தாராளமாக என்றேன். நான் டியூஷன் எடுக்கிற கணக்குப் பிள்ளைகளில் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள். ஆறரைக்குத் தேவாரம், பிறகு கணக்கு, எட்டுக்கு ஆளுக்கொரு பிளேன்டீ. சீனி விலைக்கு அதுவும் பெரிய செலவு, அதனால் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் சீனி கொண்டு வருகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேரத்துக்கு எழும்பினால் எல்லாம் சரியாகும் என்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் புத்தி சொல்கிறார்கள். மூன்று வேளை சாப்பாட்டை இரண்டாக்கிய வீடுகள் இந்த ஒழுங்கையிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு முதலில் அரிசி வேண்டும். நேரசூசி, அந்த அரிசியைத் தேடி ஓடுகிற தெம்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு நான் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன்.

ஜூலை 15, வெள்ளி

ஜனாதிபதி விலகிவிட்டார். ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். விடிய ஆறரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆகஸ்ட் 22, திங்கள்

மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. இவர் கணக்குக் கொப்பியை வாங்கி வள்ளச் செலவைப் போட்டுப் பார்த்தார், பாரை மீன் பட்டால் ஒழியக் கட்டாது. ஐப்பசியோடு வாடை தொடங்கினால் கரைவலையும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு இப்போதே யோசிக்க வேண்டும். வலை பொத்துகிற வேலை விடிய ஐந்திலிருந்து, மழை இல்லாத நேரம் வளவில் மரவள்ளி என்று இன்று பேசியிருக்கிறோம். மாரியில் விறாந்தைக்குச் சாரல் அடிக்கும், பிள்ளைகளை உள்ளே இருத்தினால் வெளிச்சம் காணாது. கிழக்குப் பக்கச் சுவரில் ஒரு யன்னல் வெட்டலாமா என்று மேசன் தம்பியை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.