சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு ஏஏ மீட்டிங் (குடிய விட நெனைக்கிறவங்க ஒண்ணா கூடி பேசுற கூட்டம்) தேடி

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கற எங்க ஊர்ல சம்சு, அதான் மலிவு சாராயம், எங்க கிடைக்கும்னு கேட்டா ஸ்கூல் பையன்கூட கை காட்டுவான், குடிய நிறுத்த எங்க போறதுனு கேட்டா எல்லாரும் கோயிலத்தான் காட்டுறாங்க. கயிறு கட்டு, மாலை போடு, தைப்பூசத்துக்கு காவடி எடு. குடிக்கிற எங்க அண்ணன் எல்லாத்தையும் செஞ்சாச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, நானும் சாமி கும்புடுற ஆளுதான், விரதத்துல இருக்கறப்ப அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆனா மாலை கழட்டுற தேதினு ஒண்ணு இருக்கே, அது எப்ப வருதுனு அவர விட அவரு கூட்டாளிங்கதான் நல்லா கணக்கு வச்சிருந்தாங்க.

நடுவுல ஒரு தடவ யாருகிட்டயும் சொல்லாம டக்குனு நிறுத்திட்டாரு. மறுநாளே கை நடுக்கம், சட்ட பூரா வேர்வை, அதுக்கடுத்த ராத்திரி செவுத்துல பூச்சி ஊருதுனு துண்டால அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. அண்ணி வீட்டு ஆளுங்க காத்து கருப்புனு பூசாரிய கூப்பிட கெளம்ப, நான் சண்ட போட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனேன். வருஷக்கணக்கா தினமும் குடிச்ச ஒடம்பு, திடீர்னு நிறுத்துனா மொத ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரியும், கவனிக்காம விட்டா உயிரே போகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மருந்து குடுத்து, வைட்டமின் பி1 ஏத்தி, அந்த மருந்தயும் மெதுவாத்தான் கொறச்சாங்க. அதனால தினமும் குடிக்கிறவங்கள வீட்ல கட்டிப்போட்டு நிறுத்த பாக்காதீங்க, மொதல்ல கிளினிக் கெசிஹாத்தான், அதான் கவர்மெண்ட் கிளினிக், போங்க, சிட்டிசனுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

ஆனா ஆஸ்பத்திரி ஒடம்பத்தான் சரி பண்ணும். வீட்டுக்கு வந்தா அதே கூட்டாளிங்க, அதே சம்பள நாளு. அப்பத்தான் ஏஏ பத்தி தேடுனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது, ஒருத்தரு ஷேர் மார்க்கெட் ஆளு, இன்னொருத்தரு ஆப்பரேஷன் பண்ற டாக்டர். இத அண்ணன்கிட்ட சொன்னதும் "டாக்டரே குடிப்பாரா"னு சிரிச்சாரு, ரொம்ப நாளைக்கப்புறம் பாத்த சிரிப்பு அது. சேர ஃபீஸ் கிடையாது, ஐசி (அடையாள கார்டு) கேக்க மாட்டாங்க, குடிய விடணும்னு ஆச இருந்தா போதும். கடைசில ஒரு டப்பா சுத்தி வரும், முடிஞ்சா போடலாம், ஆனா வெளி ஆளுங்க காசு வாங்கவே மாட்டாங்க. அதாவது எந்த ஒய்பியும் (எம்பி, சட்டமன்ற ஆளு) வந்து பெரிய செக் நீட்டி போட்டோ எடுத்துக்க முடியாது, எனக்கு இது ஒண்ணே போதும் நம்புறதுக்கு.

ஏஏ நம்பர தேடி போன் பண்ணேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அந்தப் பக்கம் இருந்தவரு, "சரி தம்பி, அண்ணன பேச சொல்லுங்க"னாரு. அவரு கூச்சப்படுவாரு நானே சொல்றேன்னேன். இல்ல, குடிக்கிறவருதான் பேசணும்னு விடாம நின்னாரு. கோவம்தான் வந்துச்சு. ஆனா போன அண்ணன்கிட்ட குடுத்துட்டு வெளிய நின்னா, அவரு பாட்டுக்கு பேசிகிட்டே இருக்காரு, எங்ககிட்ட ஒரு நாளும் அப்படி பேசுனதில்ல.

அடுத்த பிரச்ன, எங்க போறது. நம்ம ஊரு பக்கத்துலயே கெடச்சா நல்லதுனு நான், பக்கத்துல இருந்தா வரவே மாட்டேன்னு அவரு. யோசிச்சா அவரு சொல்றதுதான் நியாயம், இங்க கடைல தே ஓ (பாலில்லாத டீ) குடிச்சாலே சாயந்தரத்துக்குள்ள தோட்டம் (எஸ்டேட்) பூரா தெரிஞ்சிரும், மில்லுல மண்டோர் (மேஸ்திரி) காதுக்கும் போயிரும். அதனால வெளியூரு. எந்த ஊரு, எந்த கட்டடம்னு எழுத மாட்டேன், உள்ள என்ன பேசுனாங்கனும் சொல்ல மாட்டேன். ஓப்பன் மீட்டிங்னா வீட்டு ஆளுங்களும் உக்காரலாம், குளோஸ்ட்னா குடிப்பிரச்ன உள்ளவங்க மட்டும்தான், இத போன்லயே கேட்டுக்குங்க, இல்லனா என்ன மாதிரி வாசல்ல நிக்கணும்.

இன்னொன்னு, எங்க மாமா ஒருத்தரு "குடி நம்ம சனத்தோட பொறவிக் குணம்டா, எங்க போயி மாத்துவ"னு சொல்லிகிட்டே இருப்பாரு. கேட்டாலே எரியும். வெள்ளக்காரன் காலத்துல தோட்டத்துக்குள்ள கள்ளுக்கடைய வச்சது யாரு, சம்பளத்த அங்கயே திருப்பி வாங்குனது யாரு? 1941-ல கிள்ளான் பக்கம் தோட்டத்து ஆளுங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப கள்ளுக்கடைய மூடுங்கறதும் ஒரு கோரிக்க. பொறவிக் குணம்னா அத எதுக்கு கேக்கப் போறாங்க?

இப்ப மழை நாள்லயும் ரெண்டாவது ஷிஃப்ட் நாள்லயும் அண்ணனால போக முடியல, தமிழ்நாட்டு குரூப் ஒண்ணு ஜூம்ல நடத்துறதுல உக்காருறாரு. அவங்க நேரம் நமக்கு ரெண்டர மணி நேரம் பின்னாடி, அங்க ஏழரைனா இங்க பத்து. மொபைல அரிசி டின்னு மேல சாச்சு வச்சிட்டு, கேமராவ ஆஃப் பண்ணிட்டு கேக்குறாரு. நடுவுல ஒரு வாரம் சறுக்குனாரு, திரும்பவும் போனாரு, அங்க யாரும் திட்டலயாம்.

அண்ணிதான் போன வாரம் கேட்டாங்க, "அவருக்கு பேச எடம் கெடச்சிருச்சு, எனக்கு?"னு. குடும்பத்துக்குனே அல்-அனான் இருக்கு, ஏஏ ஆரம்பிச்ச அந்த ஷேர் மார்க்கெட்காரரோட சம்சாரம் லோயிஸும் இன்னொரு அம்மாவும் 1951-ல தொடங்குனது. தமிழ்ல, பொம்பளைங்க கூச்சப்படாம பேசுற மாதிரி நம்ம பேராக் பக்கம் எதாச்சும் இருக்கானு தேடிகிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.